கோவையிலிருந்து ஒரே நாளில் வால்பாறை: பைக்கில் போய்வர முழுமையான வழிகாட்டி

கோவையிலிருந்து பொள்ளாச்சி 40 கிலோமீட்டர். பொள்ளாச்சியிலிருந்து வால்பாறை 64. மேலே கொஞ்சம் சுற்றிவிட்டுத் திரும்பினால் மொத்தம் 250 கிலோமீட்டருக்குப் பக்கத்தில் வரும். நாலு வழிச்சாலையில் இது ஒரு பெரிய விஷயமே இல்லை. ஆனால் அந்த 64 கிலோமீட்டருக்குள் 40 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன, சாலையின் பெரும்பகுதி ஆனைமலைப் புலிகள் காப்பகத்தின் ஊடாகப் போகிறது, மேலே எப்போது மூடுபனி இறங்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால் கூகுள் மேப் காட்டுகிற நேரத்தை நம்பித் திட்டம் போட்டால் மாலையில் அவசர அவசரமாக இறங்க வேண்டி வரும். இந்தச் சாலையில் பெரும்பாலான தப்புகள் அந்த அவசரத்தில்தான் நடக்கின்றன.

என்னைக் கேட்டால், ஒரு நாள் பயணத்துக்கு வால்பாறை என்ற ஊரைவிட வால்பாறைச் சாலைதான் முக்கியம். பார்க்க வேண்டிய பத்து இடங்கள் என்ற பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு போகிறவர்கள் பத்தையும் பாதி பாதியாகப் பார்த்துவிட்டு வருவார்கள். ஏறும்போது நிதானமாக நின்று நின்று ஏறுவது, மேலே ஏதாவது ஒரு திசையில் மட்டும் போவது, வெளிச்சம் இருக்கும்போதே இறங்கிவிடுவது. கீழே உள்ள எல்லாமே இந்த மூன்றை ஒட்டித்தான்.

எந்த மாதம், எந்தக் கிழமை

ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை வால்பாறையை விடாமல் அடிக்கும். தமிழ்நாட்டிலேயே அதிக மழை பெய்கிற இடங்களில் ஒன்றான சின்னக்கல்லாறு இந்த மலையில்தான் இருக்கிறது. அந்த மாதங்களில் மண்சரிவு, மரம் விழுவது எல்லாம் சகஜம். மழையில் ஓட்டிப் பழகியவர்களுக்கு அதிலும் ஓர் அழகு உண்டு என்றாலும், முதல் முறை போகிறவர்கள் அதைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். மழை முடிந்த கையோடு போனால் மலை முழுக்கப் பச்சை, வழியெல்லாம் பாறையில் தண்ணீர் ஒழுகிக்கொண்டிருக்கும். டிசம்பர் முதல் மார்ச் வரை வானம் தெளிவாக இருக்கும், தூரத்துச் சிகரங்கள் தெரியும், காலையில் நல்ல குளிர். ஏப்ரல், மே மாதங்களில் மதியத்துக்கு மேல் இடியோடு கோடை மழை வர வாய்ப்பு அதிகம். அந்த மாதங்களில் மதியத்துக்குள் கீழே இறங்க ஆரம்பிப்பது போல வைத்துக்கொள்ளுங்கள்.

கிழமை என்று பார்த்தால் செவ்வாய், புதன், வியாழன். ஞாயிற்றுக்கிழமை போனால் வளைவுகளில் சுற்றுலா வேன்களுக்குப் பின்னால் டீசல் புகையைக் குடித்துக்கொண்டுதான் ஏற வேண்டும். தொடர் விடுமுறை நாட்களைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

அனுமதியும் காகிதங்களும்

நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்தது போலவே, உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2025 நவம்பர் 1 முதல் வால்பாறைக்கும் இ-பாஸ் நடைமுறைக்கு வந்தது. அரசின் இணையதளத்திலேயே வண்டி எண்ணைக் கொடுத்து எடுத்துக்கொள்ளலாம், கட்டணம் கிடையாது. இந்த மாதிரி விதிகள் மாறிக்கொண்டே இருப்பவை என்பதால் கிளம்பும் முன்தினம் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். பாஸை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், மலையடிவாரத்தில் சிக்னலை நம்ப முடியாது.

ஓட்டுநர் உரிமம், ஆர்சி, காப்பீடு, புகைச் சான்று நான்கும் இருக்க வேண்டும். ஹெல்மெட் பின்னால் உட்காருகிறவருக்கும் சேர்த்துத்தான். தண்ணீருக்குப் பிளாஸ்டிக் பாட்டில் வேண்டாம், எவர்சில்வர் பாட்டில் கொண்டு போங்கள்.

வண்டியைத் தயார் செய்வது

நூறு சிசி வண்டியில் வால்பாறை போக முடியுமா என்று கேட்பார்கள். எஸ்டேட்டில் வேலை செய்கிறவர்கள் தினமும் அதில்தான் போய் வருகிறார்கள். ஏறுவதற்கு எந்த வண்டியும் ஏறிவிடும். இறங்குவதற்குத் தயாராக இருக்கிறதா என்பதுதான் கேள்வி, அதனால் பிரேக்கிலிருந்து ஆரம்பியுங்கள். டிஸ்க் பேட் எவ்வளவு மிச்சம் இருக்கிறது, பிரேக் ஆயில் அளவு குறைந்திருக்கிறதா, கறுத்துப் போயிருக்கிறதா என்று பாருங்கள். பழைய பிரேக் ஆயில் ஈரத்தை இழுத்து வைத்திருக்கும். தொடர்ந்து பிரேக் பிடித்துச் சூடாகும்போது அந்த ஈரம் ஆவியாகி, லீவர் பஞ்சு மாதிரி உள்ளே போக ஆரம்பிக்கும். ஆயில் மாற்றி இரண்டு வருஷம் ஆகியிருந்தால் மாற்றிவிட்டே கிளம்புங்கள். பின்னால் டிரம் பிரேக் என்றால் பெடல் எவ்வளவு கீழே போகிறது என்று பார்த்து இறுக்கிக்கொள்ளுங்கள்.

டயரில் பட்டன் தேய்ந்திருந்தால் இந்தப் பயணம் வேண்டாம். காற்று, கம்பெனி சொன்ன அளவுக்குத்தான், அதுவும் டயர் ஆறியிருக்கும்போது பார்க்க வேண்டும். "மலைக்குப் போறீங்களா, கொஞ்சம் அதிகமா அடிச்சு விடட்டுமா" என்று பங்கில் கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள், ஈரச் சாலையில் பிடிமானம் குறையும். செயின் தொங்கக் கூடாது, கிளட்ச் கேபிள் நூல் பிரிந்திருக்கக் கூடாது. முன்விளக்கும் பிரேக் லைட்டும் எரிய வேண்டும், மேலே பகலிலேயே இரண்டும் தேவைப்படும்.

பெட்ரோலைப் பொள்ளாச்சியில் நிரப்புங்கள். வால்பாறை ஊருக்குள் பங்க் உண்டு, ஆனால் இரண்டாவது கியரிலேயே ஏறுகிற பாதையில் வண்டி வழக்கத்தைவிட நிறையக் குடிக்கும்.

பையில் மழைக்கோட்டு, ஒரு ஸ்வெட்டர், பஞ்சர் கிட், ஒரு முழ நீளத்துக்கு இன்சுலேஷன் டேப், மாற்றுச் சாக்ஸ். மழைக்காலம் என்றால் சாலையை விட்டுப் புல்லில் கால் வைத்தாலே அட்டை ஏறும். கொஞ்சம் உப்பைப் பொட்டலம் கட்டி வைத்துக்கொண்டால் போதும்.

காலை ஐந்து மணி: பொள்ளாச்சி வரை

ஐந்து மணிக்குக் கோவையை விட்டுக் கிளம்புங்கள். ஈச்சனாரி, கிணத்துக்கடவு வழியாக அகலமான சாலை. வேகமாகப் போகலாம், போக வேண்டிய அவசியம் இல்லை. பாலக்காட்டுக் கணவாய்க்கு நேராக இருக்கிற நிலம் இது. ஆடி மாதத்துக் காற்று மேற்கிலிருந்து பக்கவாட்டில் வந்து அடிக்கும், லேசான வண்டிகள் ஒரு அடி தள்ளிப் போகும். லாரியை முந்தி வெளியே வரும்போது அந்தத் தள்ளல் திடீரென்று வரும் என்று எதிர்பார்த்துக் கைப்பிடியைப் பிடித்திருங்கள்.

பொள்ளாச்சியில் டீ, இட்லி. இங்கேயே வயிறார சாப்பிட்டுவிடுவது நல்லது. அடுத்து நிம்மதியாக உட்கார்ந்து சாப்பிட வால்பாறைதான்.

ஆழியாறும் சாவடியும்

பொள்ளாச்சியைத் தாண்டியதும் தென்னந்தோப்பு ஆரம்பித்துவிடும். அங்கலக்குறிச்சிப் பக்கம் வரும்போது எதிரே மலை சுவர் மாதிரி நிற்பது தெரியும். சூரியன் ஏறுகிற நேரத்தில் இந்தப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரை மெதுவாக ஓட்டுவதற்காகவே விடியற்காலையில் எழுந்திருக்கலாம். ஆழியாறில் வேதாத்திரி மகரிஷியின் அறிவுத் திருக்கோயிலைத் தாண்டி, அணையின் ஓரமாகவே சாலை போகும்.

இந்த அணையைப் பற்றி ஒரு விஷயம் தெரிந்திருந்தால் மேலே போகும்போது பார்ப்பதெல்லாம் வேறு மாதிரி தெரியும். ஆனைமலையில் பெய்கிற மழையில் பெரும்பகுதி மேற்கே கேரளத்துக்குப் போய் அரபிக் கடலில் சேர வேண்டியது. பரம்பிக்குளம் ஆழியாறு திட்டம், ஆங்கிலத்தில் சுருக்கி பி.ஏ.பி. என்று இங்கே எல்லோரும் சொல்வது, மலைக்குள் அணைகளும் சுரங்கங்களும் அமைத்து அதில் ஒரு பங்கைக் கிழக்கே திருப்பியது. மேல் ஆழியாறில் தேங்குகிற தண்ணீர் நவமலை மின்நிலையத்தில் சுழன்றுவிட்டு இந்த ஆழியாறு நீர்த்தேக்கத்தில் வந்து விழுகிறது. சற்று முன்னால் பார்த்த தென்னந்தோப்பெல்லாம் பச்சையாக இருப்பதில் இந்தத் தண்ணீருக்குப் பங்கு உண்டு.

அணையை ஒட்டி வனத்துறைச் சோதனைச் சாவடி. பாஸைக் காட்டும்போதே ஒரு கேள்வி கேட்டுவிடுங்கள்: பைக் திரும்பி இறங்க இன்றைக்குக் கடைசி நேரம் என்ன? யானை நடமாட்டத்தைப் பொறுத்து மாலை நேரக் கட்டுப்பாடுகளைக் கூட்டிக் குறைப்பார்கள். அவர் சொல்கிற நேரத்திலிருந்து ஒரு மணி நேரத்தைக் கழித்து உங்கள் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

சாவடியைத் தாண்டி வருகிற குரங்கு அருவியை, மங்கி ஃபால்ஸ் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள், காலையில் தவிர்த்துவிடலாம். ஈரத் துணியோடு மேலே போனால், வழியில் உயரத்தில் வருகிற கவர்க்கல் என்ற இடத்துக் குளிரில் பல் கிடுகிடுக்கும்.

நாற்பது வளைவுகளை ஏறுவது

அருவியைத் தாண்டியதும் வளைவுகள் தொடங்கிவிடும். ஒவ்வொன்றுக்கும் எண் போட்டு பலகை வைத்திருக்கிறார்கள். கீழே உள்ள வளைவுகள் திறந்த பாறைச் சரிவில் இருப்பதால் தலையைத் தூக்கிப் பார்த்தால் மேல் அடுக்குச் சாலையில் என்ன வருகிறது என்று தெரியும். இதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். வளைவுக்கு ஐம்பது அடி முன்னாலேயே மேலே பார்க்க வேண்டும். பேருந்து இறங்கி வருகிறது என்றால் வளைவுக்குள் நுழையாமல் நேர்ப் பகுதியிலேயே இடது ஓரமாக நின்றுவிடுங்கள். மலைப்பாதையில் ஏறுகிற வண்டிக்குத்தான் இறங்குகிற வண்டி வழிவிட வேண்டும் என்பது விதி. ஆனால் அரசுப் பேருந்து திரும்புவதற்கு வளைவு முழுக்கத் தேவை, அப்போது விதியைப் பேசி ஒன்றும் ஆகப்போவதில்லை. அந்த ஓட்டுநர்கள் இந்தச் சாலையைத் தினமும் ஓட்டுகிறவர்கள். நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்று தெரிந்தால் அவர்கள் பார்த்துத் திருப்பிக்கொள்வார்கள். கடந்து போனதும் பின்னாலேயே இன்னொரு வண்டி ஒட்டி வருகிறதா என்று பார்த்துவிட்டு எடுங்கள்.

கியரை வளைவுக்கு முன்பே குறைத்துவிட வேண்டும். வளைவுக்குள் போய்க் குறைத்தால் கிளட்ச் பிடித்த அந்த ஒரு நொடியில் இழுவை போய், வண்டி பின்வாங்கப் பார்க்கும். பெரும்பாலான வண்டிகளுக்கு இரண்டாவது கியர் போதும். சின்ன வண்டியில் இரண்டு பேர் என்றால் முதல் கியருக்கே வந்துவிடுங்கள், அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை.

நாம் இடது பக்கம் ஓட்டுகிறவர்கள். அதனால் ஏற்றத்தில் இடது பக்கம் திரும்புகிற வளைவுதான் கஷ்டமானது. வளைவின் உள்பக்கம் நம்முடையது, அங்கேதான் ஏற்றம் செங்குத்தாக இருக்கும், ஜல்லியும் மண்ணும் வந்து சேர்ந்திருக்கும். உள் ஓரத்தை உரசிப் போகாமல் நம் பாதையின் நடுவிலேயே கொஞ்சம் முன்னே போய், வளைவின் மறுபக்கம் கண்ணில் பட்ட பிறகு திரும்புங்கள். வலது பக்கம் திரும்புகிற வளைவு அகலமாக இருப்பதால் சுலபமாகத் தெரியும். அதில்தான் ஆட்கள் நடுக்கோட்டைத் தாண்டிக் குறுக்கே வெட்டுவார்கள். எதிரே வருகிறவரும் அதே காரியத்தைச் செய்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

கண் எங்கே போகிறதோ வண்டியும் அங்கேதான் போகும். வளைவில் நுழைந்ததும் கழுத்தைத் திருப்பி, வெளியேறப் போகிற இடத்தைப் பாருங்கள். முன்சக்கரத்துக்குக் கீழே பார்த்துக்கொண்டு ஓட்டினால் நாற்பதும் நாற்பது பயமாகத்தான் இருக்கும். பின்னால் இருப்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: வண்டி சாயும்போது கூடவே சாய வேண்டும், எதிர்ப்பக்கம் சாய்ந்து "காப்பாற்ற" முயலக் கூடாது.

வளைவில் வானவில் நிறத்தில் சாலை பளபளத்தால் அது பேருந்தோ லாரியோ சிந்திய டீசல். மேலே போகப் போக, வெயில் படாத திருப்பங்களில் சாலையோரம் பாசி பிடித்திருக்கும். இரண்டிலுமே திடீர் பிரேக்கும் திடீர் ஆக்ஸிலேட்டரும் கூடாது, வண்டியை நிமிர்த்தியபடி சீராக ஓட்டிக் கடந்துவிடுங்கள்.

நான்கைந்து வண்டியாகப் போகிறவர்கள் ஒட்டி ஒட்டி ஓட்ட வேண்டாம். "ஒன்பதாவது வளைவு, அடுத்து அட்டகட்டி, அடுத்து வால்பாறை" என்று நிற்கும் இடங்களை மட்டும் பேசி வைத்துக்கொண்டு அவரவர் வேகத்தில் போவதுதான் சரி. முன்னால் போகிறவரைப் பிடிக்கணும் என்ற நினைப்பு வந்துவிட்டால் வளைவு கண்ணில் படாது.

ஒன்பதாவது வளைவில் நின்று பாருங்கள்

லோம்ஸ் வியூ பாயின்ட் என்று எழுதியிருக்கும். இந்த மலைச்சாலையை அமைத்த பொறியாளர் லோம் பெயரில் வந்தது. கீழே ஆழியாறு நீர்த்தேக்கம் முழுசாக, அதற்கு அப்பால் பொள்ளாச்சிச் சமவெளி. காலை ஏழரைக்குள் வந்துவிட்டால் கூட்டமும் இருக்காது, வெயில் புகையும் மூடியிருக்காது. வண்டியை வளைவில் நிறுத்தாமல் ஒதுக்கிய இடத்தில் நிறுத்துங்கள்.

இந்தப் பகுதியில்தான் வரையாடு தெரியும். தமிழ்நாட்டின் மாநில விலங்கை இவ்வளவு பக்கத்தில், டிக்கெட் இல்லாமல், நடுச்சாலையில் பார்க்கிற இடங்கள் அதிகம் இல்லை. தடுப்புச் சுவரின் மேலேயே நடந்து வரும். பழகிப்போய் மனிதர்களைக் கண்டு ஓடுவதும் இல்லை. அதனால்தான் பிஸ்கட் நீட்ட ஆசை வருகிறது. நீட்டாதீர்கள். சாப்பாட்டுக்காகச் சாலைக்கு வரப் பழகிய விலங்கு சாலையிலேயே அடிபட்டுச் சாகும்.

அட்டகட்டி, கவர்க்கல்

அட்டகட்டியில் டீக்கடை உண்டு. இதற்குள் காற்றே மாறியிருக்கும். வறண்ட பாறைச் சரிவு முடிந்து மரம் அடர்ந்த காடு, அதற்கப்புறம் திடீரென்று தேயிலை. வாட்டர்ஃபால் எஸ்டேட்டைத் தாண்டி கவர்க்கல் வரும். சாலையின் இந்த உயரத்தில், கீழே வெயில் சுட்டெரிக்கிற நாளில்கூட மூடுபனி நிற்கலாம். ஒரு திருப்பத்துக்கு முன் தெளிவாக இருக்கும், திருப்பத்துக்கு அப்புறம் பத்தடி தெரியாது.

மூடுபனியில் ஹை பீம் போட்டால் எதிரே வெள்ளைச் சுவர்தான் தெரியும், லோ பீமில் வையுங்கள். நேராகப் போய்க்கொண்டே நான்கு இண்டிகேட்டரையும் போட்டால் நீங்கள் எந்தப் பக்கம் திரும்பப் போகிறீர்கள் என்று பின்னால் வருகிறவருக்குத் தெரியாது. ஹெல்மெட் கண்ணாடியை ஒரு விரல் அளவு திறந்து வைத்தால் உள்ளே ஆவி படியாது. சாலையின் இடது ஓரக் கோட்டைப் பார்த்து ஓட்டுங்கள். ஒன்றுமே தெரியவில்லை என்றால் நிற்பது தப்பில்லை, ஆனால் சாலையை விட்டு முழுக்க வெளியே நிற்க வேண்டும்.

கவர்க்கல் பக்கம் சாலையோரத்தில் ஒரு வெள்ளைக்காரர் சிலை நிற்கிறது. கார்வர் மார்ஷ், இந்த மலையில் தோட்டப் பயிரைப் பரப்பிய முன்னோடிகளில் ஒருவர். காட்டை வெட்டித் தேயிலை நட்டவருக்குச் சிலை இருக்கிறது. சமவெளியிலிருந்து மலையேறி வந்து மலேரியாவிலும் அட்டைக் கடியிலும் அந்த வேலையைச் செய்த கூலித் தொழிலாளிகளின் பேரன் பேத்திகள் இன்னும் அதே எஸ்டேட்டுகளின் லயன் என்கிற வரிசை வீடுகளில் இருக்கிறார்கள். தேயிலைச் சரிவில் போட்டோ எடுக்க இறங்கும்போது அது ஒருவரின் வேலையிடம் என்பதை மறக்க வேண்டாம். கொழுந்து பறிக்கிற அம்மாவைப் படம் எடுப்பதானால் கேட்டுவிட்டு எடுங்கள்.

புதுத்தோட்டத்தில் இருபது கிலோமீட்டர் வேகம்

அய்யர்பாடி, ரொட்டிக்கடை தாண்டி வால்பாறை நெருங்கும்போது புதுத்தோட்டம் வரும். சாலையை ஒட்டிய சின்னச் சோலையில் சிங்கவால் குரங்குகள் வாழ்கின்றன. உலகத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர வேறெங்கும் இல்லாத இனம். முன்பெல்லாம் மரத்தை விட்டு இறங்காது என்பார்கள், இங்கே காடு துண்டு துண்டாகிப் போனதால் சாலையைக் கடக்கத் தரையில் இறங்கியே ஆக வேண்டியிருக்கிறது. தலைக்கு மேலே மரத்துக்கு மரம் கட்டியிருக்கிற கான்வாஸ் பட்டைகள் இவை கடப்பதற்கான பாலங்கள். இந்த இடத்தில் இருபதுக்கு மேல் போகாதீர்கள், ஹாரன் அடிக்காதீர்கள். ஒரு குரங்கு கடந்துவிட்டால் இன்னும் பத்து வரும் என்று வைத்துக்கொண்டு காத்திருங்கள்.

யானை நின்றால்

இதைத் தனியாகச் சொல்லியாக வேண்டும். வால்பாறை மேட்டுநிலத்தைச் சுற்றிக் காடு, நடுவில் தேயிலை. யானைகள் ஒரு காட்டிலிருந்து இன்னொன்றுக்குப் போக எஸ்டேட் வழியாகத்தான் நடக்கின்றன. எந்த எஸ்டேட் பக்கம் யானை இருக்கிறது என்று ஊர்க்காரர்களுக்குச் செல்போனில் குறுஞ்செய்தி அனுப்பவும், முக்கியமான இடங்களில் சிவப்பு விளக்கை எரியவிடவும் நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் ஆராய்ச்சியாளர்கள் வனத்துறையோடு சேர்ந்து ஓர் ஏற்பாட்டைச் செய்திருக்கிறார்கள். கம்பத்தில் சிவப்பு விளக்கு எரிந்தால் அது அலங்காரம் இல்லை, யானை பக்கத்தில் இருக்கிறது என்று அர்த்தம். டீக்கடையில் "யானை எந்தப் பக்கம்?" என்று கேளுங்கள், சரியாகச் சொல்வார்கள்.

2025 பிப்ரவரியில் பொள்ளாச்சி – வால்பாறைச் சாலையில், டைகர் வேலி என்ற இடத்துக்கு அருகே யானை நின்றதால் வண்டிகள் காத்துக்கொண்டிருந்தன. பைக்கில் வந்த வெளிநாட்டுப் பயணி ஒருவர் அதைக் கடந்துவிடப் பார்த்தார். யானை தாக்கி இறந்துபோனார். பைக்கில் இருக்கும்போது நம்மைச் சுற்றி எந்தத் தடுப்பும் இல்லை என்பதைவிட, நம்மால் சட்டென்று பின்னால் போக முடியாது என்பதுதான் பெரிய ஆபத்து.

அதனால் தூரத்திலேயே யானை தெரிந்தால் அங்கேயே நில்லுங்கள். திரும்புவதற்கு இடம் இருக்கிற இடமாகப் பார்த்து, வண்டியை வந்த திசைக்குத் திருப்பி வைத்துவிடுங்கள். ஹாரன், ஃபிளாஷ், செல்ஃபி மூன்றும் கூடாது. பேருந்தோ லாரியோ வந்தால் அதன் பின்னால் போவதா வேண்டாமா என்பதை அந்த ஓட்டுநரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். அரை மணி நேரம் போனால் போகட்டும். காட்டு மாட்டுக்கும் இதே கணக்குத்தான். தேயிலைக்கு நடுவில் சாதுவாக மேய்கிற மாதிரி இருக்கும், சாலையில் இறங்கினால் எந்தப் பக்கம் பாயும் என்று சொல்ல முடியாது. சிறுத்தை நடமாட்டம் உள்ள ஊர் என்பதால் இருட்டிய பிறகு இயற்கை உபாதைக்காகக்கூடப் புதர்ப் பக்கம் ஒதுங்க வேண்டாம்.

மேலே எந்தப் பக்கம்

பத்தரை வாக்கில் வால்பாறை பஜாரில் இருப்பீர்கள். சுமார் 3,500 அடி உயரம். தமிழும் மலையாளமும் கலந்து கேட்கிற கடைத்தெரு, இரண்டு ஊர்ச் சாப்பாடும் கிடைக்கும். டீத்தூள் வாங்குவதானால் இங்கேயே வாங்குங்கள்.

இப்போது ஒரு திசையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மலை பார்க்க ஆசை என்றால் நல்லமுடி பூஞ்சோலை. தேயிலைத் தோட்டத்துக்குள் குறுகலான எஸ்டேட் சாலையில் போய், கடைசியில் கொஞ்சம் நடந்தால் பள்ளத்தாக்கின் விளிம்பு. வானம் தெளிவாக இருந்தால் தென்னிந்தியாவின் உயரமான சிகரமான ஆனைமுடி, 2,695 மீட்டர், எதிரே தெரியும். மதியத்துக்கு மேல் மேகம் ஏறிவிடும் என்பதால் போவதானால் உடனே போய்விடுங்கள். என் ஓட்டு இதற்குத்தான்.

சாலை பிடிக்கும் என்றால் மளுக்கப்பாறை வழியில் மேல் சோலையாறு அணை வரை. நீர்த்தேக்கத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே போகிற, கொண்டை ஊசி இல்லாத, சும்மா வளைந்து நெளிகிற பாதை. அணையோடு திரும்பிவிடுங்கள். அதிரப்பள்ளி வரை இறங்கிச் சாலக்குடி வழியாகக் கோவை வருகிற சுற்றை ஒரே நாளில் முடிக்கிறவர்களும் இருக்கிறார்கள். முடிக்கலாம், ஆனால் கடைசி நூறு கிலோமீட்டர் இருட்டில் நெடுஞ்சாலையில் களைப்போடு ஓட்ட வேண்டும்.

இரண்டுமே வேண்டாம், தண்ணீரில் கால் நனைத்தால் போதும் என்றால் ஊருக்குப் பக்கத்திலேயே கூழாங்கல் ஆறு. பெயருக்கேற்ற மாதிரி உருண்டைக் கற்கள், கணுக்கால் அளவுத் தண்ணீர். அங்கே மட்டும் போதும். எஸ்டேட்டுகளுக்குள் ஓடுகிற ஆறுகளில் ஆழம் தெரியாமல் இறங்காதீர்கள். 2023 அக்டோபரில் கோவையிலிருந்து வந்த கல்லூரி மாணவர்கள் ஐந்து பேர் இங்கே சோலையாறில் மூழ்கி இறந்தார்கள்.

இறங்குவது

மதியச் சாப்பாட்டை ஒன்றரைக்குள் முடித்து, இரண்டரைக்கு வால்பாறையை விட்டு வண்டியை எடுத்துவிடுங்கள். வயிறு முட்டச் சாப்பிட்டால் நான்கு மணிக்கு வளைவில் கண் சொக்கும்.

ஏறும்போது எந்தக் கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள் என்பது பழைய லாரி ஓட்டுநர்கள் சொல்வது. அது போதும். எஞ்சினே வண்டியை இழுத்துப் பிடித்துக்கொள்ளும், பிரேக்குக்கு வேலை குறையும். நியூட்ரலில் போட்டுப் பெட்ரோல் மிச்சம் பிடிக்கிறவர்கள் கடைசியில் பிரேக் பேடுக்குச் செலவழிப்பார்கள், அது சின்ன நஷ்டம் என்றால். பிரேக்கைச் சும்மா தடவிக்கொண்டே வராதீர்கள். நேர்ப் பகுதியில் முன்னும் பின்னும் சேர்த்து நன்றாகப் பிடித்து வேகத்தைக் குறைத்து, விட்டுவிட்டு, வளைவில் பிரேக் இல்லாமல் திரும்புங்கள். விடுகிற அந்த நேரத்தில்தான் டிஸ்க் ஆறும்.

ஸ்கூட்டர்காரர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். கியர் இல்லாத வண்டியில் ஆக்ஸிலேட்டரை முழுக்க விட்டுவிட்டு மெதுவாக இறங்கும்போது கிளட்ச் தானாகவே கழன்றுகொள்ளும், அப்புறம் வண்டியைப் பிடிக்க எஞ்சின் இல்லை, பிரேக் மட்டும்தான். லேசாக ஒரு முறுக்கு முறுக்கினால் மறுபடி பிடித்துக்கொள்ளும். இதைத் தெரிந்து வைத்துக்கொண்டு, பத்து வளைவுக்கு ஒரு முறை நின்று பிரேக்கை ஆறவிடுங்கள். தீய்ந்த வாசனை வந்தாலோ, லீவர் வழக்கத்தைவிட உள்ளே போனாலோ உடனே ஓரம் கட்டி இருபது நிமிஷமாவது நிற்க வேண்டும். சூடான டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றக் கூடாது, வளைந்துவிடும்.

இறக்கத்தில் ஏறுகிறவருக்கு வழிவிட வேண்டியது நாம். மாலை வெயில் சில திருப்பங்களில் நேராகக் கண்ணில் அடிக்கும், எதிரே வருகிறவருக்கு நீங்கள் தெரிகிறீர்கள் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். முகப்பு விளக்கு எரிந்துகொண்டே இருக்கட்டும்.

நான்கரை, ஐந்துக்குள் ஆழியாறு சாவடியைத் தாண்டிவிடலாம். நேரம் மிச்சம் இருந்து, திறந்தும் இருந்தால், சாவடிக்கு முன்பே வருகிற குரங்கு அருவியில் குளிக்க இதுதான் சமயம். ஆனால் பையையும் ஹெல்மெட்டையும் வண்டியில் விட்டுவிட்டுப் போகாதீர்கள், குரங்குகள் ஜிப் திறக்கத் தெரிந்தவை. அதைத் தாண்டினால் சாலையோரத்தில் இளநீர்க் கடைகள். பொள்ளாச்சி இளநீர் குடித்துவிட்டு, ஊருக்குள் மாலை நெரிசல் ஆரம்பிக்கும் முன் பொள்ளாச்சியைக் கடந்துவிட்டால் ஏழு மணிக்குக் கோவை. மறுநாள் காலையில் செயினைத் துடைத்து எண்ணெய் போடும்போது பிரேக் பேடையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.